கேம்பஸ் கவுன்ட்டர்: அந்த ரூமுக்கு எப்படிப் போகணும்?

ஃபீஸ் ரசீதை என்னைக்காவது முழுசாப் படிச்சிருக்கீங்களா? நான் ரெண்டு வருஷமா படிச்சதில்லை. அப்பா கட்டுவார், ரசீது வரும். பேங்க் லோனுக்கு ஒரு ஜெராக்ஸ், ஹாஸ்டல் ஆபீஸுக்கு ஒரு ஜெராக்ஸ், ஒரிஜினல் பெட்டிக்கு அடியில. அவ்வளவுதான் நமக்கும் அதுக்கும் உள்ள உறவு! இந்த செமஸ்டர்தான் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாப் பார்த்தேன். ட்யூஷன் ஃபீஸுக்குக் கீழே குட்டி குட்டியா ஏழெட்டு வரி. லைப்ரரி, மெடிக்கல், ஸ்போர்ட்ஸ், இன்டர்நெட், கடைசியா 'ஸ்டூடண்ட் வெல்ஃபேர்'. அந்தக் கடைசி வரியைச் சுத்தி பேனாவால ஒரு வட்டம் போட்டேன். இந்த வாரம் அந்த வட்டத்தைப் பத்திதான்.

முதல்ல எங்க யுனிவர்சிட்டியை அறிமுகப்படுத்திடறேன். பேரைச் சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் மூணு செமஸ்டர் பாக்கி இருக்கு! பேருக்குப் பின்னால அடைப்புக்குறிக்குள்ள சின்ன எழுத்துல 'நிகர்நிலைப் பல்கலைக்கழகம்'னு இருக்கும். ஊருக்கு வெளியே 14 கிலோமீட்டர். நாலு வழிச் சாலையில ஒரு ஆர்ச். ஆர்ச்சுக்கு உள்ளே நாலு பிளாக், ரெண்டு ஹாஸ்டல், ஒரு பிள்ளையார் கோயில், ஒரு கேன்டீன். ஸ்டூடண்ட்ஸ் மொத்தம் ரெண்டாயிரத்துக்கும் கீழே. பெரிய யுனிவர்சிட்டியில படிக்கிற என் ஸ்கூல் ஃப்ரெண்ட், "எங்க கேம்பஸ்ல ஒரு டிபார்ட்மென்ட்ல இருந்து இன்னொரு டிபார்ட்மென்ட்டுக்கு பஸ் பிடிக்கணும்டி"ன்னு பீத்திப்பா. எங்க கேம்பஸ்ல ஒரு முனையில தும்மினா மறு முனையில 'நூறு வயசு'ம்பாங்க.

இப்படி இருக்கறதுல சௌகரியமும் உண்டு. ஜெராக்ஸ் கடை அண்ணாவுக்கு எங்க ரெகுலேஷன், சிலபஸ், அஞ்சு வருஷத்து கொஸ்டின் பேப்பர் எல்லாம் மனப்பாடம். "மூணாவது யூனிட்டை விட்டுடாதம்மா"ன்னு ஜெராக்ஸ் போட்டுக்கிட்டே சொல்வார், அது அப்படியே பதினாறு மார்க்ல வந்து நிக்கும். ஹெல்த் சென்டர்ல ஒரே ஒரு சிஸ்டர். தலைவலிக்கு பாராசிட்டமால், கால் சுளுக்குக்கு பாராசிட்டமால், லவ் ஃபெயிலியர்னு போனாலும் அதைத்தான் கொடுப்பாங்கன்னு பசங்க கலாய்ப்பாங்க. லைப்ரரி எட்டு மணிக்கு மூடிடும். பஸ்ஸைப் பத்தி இப்போ வாயைத் திறக்க மாட்டேன், அதுக்குத் தனியா ஒரு வாரம் வேணும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

என் ரூம்மேட் தேனிப் பக்கம். அவங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் அவதான். பேர் வேண்டாம். இதை எழுதலாமான்னு அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். போன வருஷம் நாங்க நாலாவது செமஸ்டர்ல இருந்தோம். ஜனவரியில மூணாவது செமஸ்டர் ரிசல்ட் வந்துச்சு. அவளுக்கு மூணு அரியர். கணக்கு, சிக்னல்ஸ், இன்னொண்ணு. பிளஸ் டூ-ல கணக்குல 97 வாங்கின பொண்ணு! "விடுடி, அரியர் இல்லாதவன் அரை இன்ஜினீயர்"னு நாங்க வழக்கமான டயலாக்கைச் சொன்னோம். அவளும் சிரிச்சா.

அதுக்கப்புறம் அவ தூங்க ஆரம்பிச்சா. காலையில முதல் ஹவருக்கு எழுந்திருக்க மாட்டா. அப்புறம் மத்தியானத்துக்கும் வரலை. நான் சாயங்காலம் லேப் முடிச்சு வந்தாலும் அதே போர்வை, அதே சுவர் பக்கம் திரும்பின முகம். நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? 'கும்பகர்ணி'ன்னு பேர் வெச்சோம். ஃப்ளோர் வாட்ஸ்அப் குரூப்ல அவ தூங்கற போட்டோவுக்கு ஸ்டிக்கர் பண்ணினோம். அதைப் பண்ணினது நான்தான். பக்கத்து ரூம் பொண்ணுங்க ப்ராக்ஸி கொடுத்தாங்க. அதைப் பெரிய உதவின்னு நினைச்சோம். மூணு பேர் இருக்கற ரூம்ல ரெண்டு பேர் கண்ணுக்கு எதுவுமே தெரியலைங்கறதுதான் இதுல எனக்கு இன்னும் செரிக்காத விஷயம்.

கண்டுபிடிச்சது மெஸ் அக்கா. டோக்கன் வாங்கி தட்டுல இட்லி வைக்கிற அக்கா. ஒரு புதன்கிழமை ராத்திரி கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டே கேட்டாங்க: "ஏம்மா, உங்க ரூம்ல அந்தத் தேனிப் புள்ளை ஊருக்குப் போயிருக்கா?"

"இல்லக்கா, ரூம்லதான் தூங்கறா."

"தூங்கறாளா? மூணு நாளா ஒரு வேளைகூட கீழ வரலையே! முட்டை போடற அன்னிக்கு முத ஆளா வர்ற புள்ளையாச்சே... போய் பாரும்மா."

தட்டை அப்படியே வெச்சுட்டு மாடிக்கு ஓடினேன். அவ தூங்கவே இல்லை மக்களே. கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தா. எத்தனையோ நாளா தூக்கமே வரலையாம். எழுந்து பல் தேய்க்கறதே மலையைத் தூக்கற மாதிரி இருக்குன்னா. "ஒண்ணுமில்லடி, டயர்டா இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே அழுதா. அட்டெண்டன்ஸ் அப்போ 68-ல இருந்தது. எங்க ரெகுலேஷன்படி 75-க்குக் கீழே போனா மெடிக்கல் சர்ட்டிஃபிகேட்டோட அபராதம் கட்டணும். 65-க்குக் கீழே போனா அந்த செமஸ்டரே போச்சு, ஜூனியரோட உட்காரணும். அது அவளுக்கும் தெரியும். தெரிஞ்சும் எழுந்திருக்க முடியலை.

மறுநாள் அவளைக் கூட்டிக்கிட்டு கவுன்சலிங் ரூமுக்குக் கிளம்பினேன். அப்படி ஒரு ரூம் இருக்குன்னு ஃபர்ஸ்ட் இயர் ஓரியன்டேஷன்ல ஒரு ஸ்லைடு காட்டினாங்க, அதுல ஒரு குத்துவிளக்குப் படம் இருந்ததுகூட ஞாபகம் இருக்கு. ஆனா எங்கேன்னு தெரியலை. செக்யூரிட்டி அண்ணனைக் கேட்டா, "அட்மிஷன் கவுன்சலிங்கா? அது ஜூன்லதாம்மா"ன்னார். கடைசியில ஜெராக்ஸ் அண்ணாதான் வழி சொன்னார். அட்மின் பிளாக், முதல் மாடி.

இப்போ அந்த இடத்தைக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன், ஏன்னா கதையே அங்கேதான் இருக்கு. மாடி ஏறினதும் இடது பக்கம் டீன் ரூம். வலது பக்கம் எக்ஸாம் செல். அங்கே எந்நேரமும் ஹால் டிக்கெட், ரீவேல்யுவேஷன்னு இருபது பேர் க்யூவுல நிப்பாங்க. அந்த க்யூவுக்கு நேர் எதிர்ல கண்ணாடிக் கதவு போட்ட ரூம். அதுதான். வெளியே ஒரு பெஞ்ச். பெஞ்ச் பக்கத்துல ஸ்டூல் மேல ஒரு நீளமான ரெஜிஸ்டர், கயித்துல கட்டின பேனா. பேர், ரெஜிஸ்டர் நம்பர், டிபார்ட்மென்ட், அப்புறம் ஒரு காலம்... 'வந்த காரணம்'! எங்களுக்கு முன்னால எழுதியிருந்தவங்களோட பேர், காரணம் எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. கதவுல ஒட்டியிருந்த நேரம், காலை 10 முதல் மாலை 4 வரை. எங்க கிளாஸ் நேரம் என்னன்னு நினைக்கறீங்க? ஒன்பதேகாலில் இருந்து நாலேகால்!

அவ ரெஜிஸ்டரைப் பார்த்தா. க்யூவைப் பார்த்தா. க்யூவுல எங்க கிளாஸ் பசங்க ரெண்டு பேர். "ஏய், என்ன இங்க?"ன்னு ஒருத்தன் சும்மாதான் கேட்டான். அவ திரும்பிப் படியிறங்கிட்டா. நான் பின்னாடியே ஓடினேன். "எங்க ஊர் பையன் ஒருத்தன் ஈஈஈ-ல இருக்கான்டி. இன்னிக்கு மத்தியானமே எங்கம்மாவுக்கு போன் போயிடும்"னா. சின்ன கேம்பஸ்னு சொன்னேனே, அதோட மறுபக்கம் இதுதான். மெஸ் அக்கா கண்ணுல அவ பட்டதும் இந்தச் சின்ன கேம்பஸாலதான், அந்தக் கதவைத் தள்ள முடியாமப் போனதும் இதே சின்ன கேம்பஸாலதான்.

அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் 14416-க்கு போன் போட்டோம். டெலி மானஸ். மத்திய அரசோட இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழ்லயும் பேசலாம். இந்த நம்பர் எனக்கு எப்படித் தெரியும்? ஊர்ல எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவர்ல எழுதியிருந்தது. எங்க கேம்பஸ்ல அப்போ ஒரு சுவர்லயும் இல்லை. அந்தப் பக்கம் பேசினவங்க அவ பேரைக்கூட வற்புறுத்திக் கேட்கலை. முதல் கேள்வி, "இன்னிக்கு என்னம்மா சாப்பிட்ட?" நாப்பது நிமிஷம் பேசினா. நான் தண்ணி டேங்க் மேல உட்கார்ந்து கொசு அடிச்சுக்கிட்டு இருந்தேன். அவங்க சொன்னபடி அந்த சனிக்கிழமையே ஜில்லா அரசு மருத்துவமனைக்குப் போனோம். மனநலப் பிரிவுல ஓ.பி. சீட்டு, காசு கிடையாது. டாக்டர் பொறுமையாக் கேட்டாங்க. இது சோம்பேறித்தனம் இல்லை, மனச்சோர்வு, சரியாகக்கூடியதுன்னு அவகிட்டயே நேரா சொன்னாங்க. ரெண்டு வாரம் கழிச்சு அவளே அம்மாகிட்ட சொன்னா. அம்மா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டாங்க, ஒரு தூக்கு நிறைய பணியாரத்தோட. ஊர்ல என்ன சொல்வாங்கன்னு அவ பயந்த பயம் எல்லாம் அந்தத் தூக்கைத் திறந்ததும் பாதி போயிடுச்சு.

அவ கதை இப்போதைக்கு இவ்வளவுதான். மூணு அரியர்ல ரெண்டைத் தூக்கிட்டா. சிக்னல்ஸ் இன்னும் இருக்கு. மாத்திரையை டாக்டர் சொல்ற வரைக்கும் தொடரணும். சில நாள் காலையில இன்னமும் போர்வையை விட்டு வர நேரமாகும்.

ஆனா எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவு மனசுல இருந்து போகலை. ஒரு நாள் தனியாவே போய் கவுன்சலர் மேடத்தைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும், "சாஃப்ட் ஸ்கில்ஸ் ரெக்கார்டா?"ன்னாங்க. ஆமாம் மக்களே! செகண்ட் இயருக்கு சாஃப்ட் ஸ்கில்ஸ் எடுக்கறதும் அவங்கதான். இன்டர்னல் மார்க் போடறதும் அவங்கதான். மத்தியானம் ப்ளேஸ்மென்ட் செல்லுக்கு மாக் இன்டர்வியூ. ரூம்ல அவங்க உட்கார்றதே ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம். நம்ம மார்க்கைக் கையில வெச்சிருக்கறவங்ககிட்ட நாம எதை மனசு விட்டுப் பேசுவோம்? கேட்டே விட்டேன். அவங்க கோபப்படலை. "எம்.எஸ்.டபிள்யூ முடிச்சுட்டு இதுக்குத்தான் வந்தேன். ரூமை மாத்திக் கொடுங்கன்னு ரெண்டு வருஷமா நானும் எழுதிக் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நான் கேட்டா அது ஸ்டாஃப் பிரச்னை. நீங்க கேட்டா அது ஸ்டூடண்ட்ஸ் பிரச்னை"ன்னாங்க.

அப்புறம்தான் சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடினேன். (சிக்னல்ஸ் புக்கைக்கூட இவ்வளவு கவனமாப் படிச்சதில்லை!) விசாகப்பட்டினத்துல 2023-ல ஒரு மாணவி இறந்துபோன வழக்குல, 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்குச் சில வழிகாட்டுதல்கள் கொடுத்திருக்கு. நூறு ஸ்டூடண்ட்ஸ் அல்லது அதுக்கு மேல இருக்கற இடத்துல, தகுதியுள்ள ஒரு கவுன்சலரோ, உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ கட்டாயம் இருக்கணும். டெலி மானஸ் மாதிரியான நம்பர்களை ஹாஸ்டல், கிளாஸ்ரூம், வெப்சைட்னு எல்லா இடத்துலயும் கண்ணுக்குத் தெரியற மாதிரி வைக்கணும். 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைக்கு வர்றவங்களோட ரகசியத்தைக் காப்பதை உரிமைன்னே சொல்லுது. அப்போ அந்த 'வந்த காரணம்' காலம்?

இன்னொண்ணும் கிடைச்சுது. 2023-ல யு.ஜி.சி. கொண்டு வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள். நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் இதுக்குள்ள வரும். குறைன்னா ராகிங், சர்ட்டிஃபிகேட்டைப் பிடிச்சு வைக்கிறது, ஃபீஸைத் திருப்பித் தராதது மட்டும்னு நினைச்சிருந்தேன். 'தருவதாகச் சொன்ன மாணவர் வசதிகளைத் தர மறுப்பது'ம் குறைதான்னு அதுல இருக்கு. குறைதீர்க்கும் குழு 15 வேலை நாளுக்குள்ள அறிக்கை கொடுக்கணும். அதுல திருப்தி இல்லைன்னா 15 நாளுக்குள்ள குறைதீர்ப்பாளருக்கு மேல்முறையீடு. குழுவுல ஒரு ஸ்டூடண்டுக்கும் இடம் உண்டு. தேர்தல் எல்லாம் கிடையாது, படிப்பு, விளையாட்டு பார்த்து நியமிக்கறதுதான். எங்க குழுவுல இருக்கறவன் ஃபைனல் இயர் டாப்பர். தான் அந்தக் குழுவுல இருக்கறதே நான் போய்ச் சொன்னப்போதான் அவனுக்கு ஞாபகம் வந்தது!

மனு எழுதினேன். எழுதறது சுலபம், கையெழுத்து வாங்கறதுதான் கஷ்டம். "இன்டர்னல்ல கை வெச்சா நீ வருவியா?"ன்னு கேட்டவங்க நிறைய பேர். நியாயமான கேள்வி, என்கிட்ட பதில் இல்லை. கேர்ள்ஸ் ஹாஸ்டல்ல நாலு நாள் அலைஞ்சு 19 கையெழுத்து. பாய்ஸ் ஹாஸ்டல்ல முதல்ல ஒண்ணுகூட இல்லை. "எங்களுக்கு எதுக்கு அதெல்லாம்"னானுங்க. அப்புறம் ஒரு நாள் எக்ஸாம் செல் க்யூவுல 'என்ன இங்க'ன்னு கேட்டானே, அவன் தனியா வந்து பேப்பரை வாங்கினான். ஒண்ணும் பேசலை. கையெழுத்துப் போட்டான். மறுநாள் இன்னும் அஞ்சு பேரோட வந்தான். ஆக மொத்தம் 25.

என்ன கேட்டோம்? ரூமை அட்மின் பிளாக்குல இருந்து மாத்துங்க. ரெஜிஸ்டரை எடுங்க. கிளாஸ் முடிஞ்சப்புறமும் திறந்து வைங்க. கவுன்சலர் மேடம்கிட்ட மார்க் போடற வேலையைக் கொடுக்காதீங்க. நம்பரைச் சுவர்ல எழுதுங்க. அவ்வளவுதான்.

பதினைஞ்சு வேலை நாள்னு விதி. எங்களுக்கு 22 ஆச்சு. நடுவுல டீன் சார் கூப்பிட்டு, "யாரு உங்களைத் தூண்டி விட்டது?"ன்னு கேட்டார். ஃபீஸ் ரசீதைக் காட்டினேன், வட்டம் போட்ட வரியோட. கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு, "உட்காரும்மா"ன்னார். அவரை வில்லனாக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அந்த ரெஜிஸ்டர் ஏன் வெச்சாங்கன்னா, இன்ஸ்பெக்ஷன் வரும்போது 'எத்தனை பேர் பயனடைஞ்சாங்க'ன்னு காட்டணுமாம். அவரோட ரூமுக்கு எதிர்லயே வெச்சா முக்கியத்துவம் கொடுக்கற மாதிரி இருக்கும்னு நல்ல எண்ணத்துலதான் அங்கே வெச்சாராம்!

ரிசல்ட்? ரெஜிஸ்டர் போயிடுச்சு. அந்த இடத்துல இப்போ நம்பர் மட்டும் போட்ட டோக்கன். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஆறரை வரைக்கும் திறந்திருக்கு. 14416 ரெண்டு ஹாஸ்டல்லயும், மெஸ்லயும், பாத்ரூம் கதவுக்கு உள்பக்கமும் ஒட்டியாச்சு. பாத்ரூம் ஐடியா என் ரூம்மேட் கொடுத்தது, "அங்கதான்டி யாரும் பார்க்காம நம்பரை போன்ல ஏத்திக்க முடியும்." ரூம் மாறலை, 'இடவசதி பரிசீலனையில் உள்ளது'. கண்ணாடிக் கதவுல மட்டும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருக்காங்க. சாஃப்ட் ஸ்கில்ஸ் இன்டர்னல் மார்க்? இந்த செமஸ்டரும் மேடம்தான் போடறாங்க. மேல்முறையீடு எழுதி வெச்சிருக்கேன், நாளைக்கு அனுப்பணும்.

இதை அனுப்பறதுக்கு முன்னால ரூம்மேட்டைப் படிக்கச் சொன்னேன். கும்பகர்ணி மேட்டரை எடுத்துடட்டுமான்னு கேட்டேன். "எதுக்கு எடுக்கணும்? நீ பண்ணினது ஊருக்குத் தெரியட்டும்"னு சொல்லிட்டு மெஸ்ஸுக்குக் கிளம்பிட்டா. இன்னிக்கு முட்டை.

உங்க கேம்பஸ்ல அந்த ரூம் எங்கே இருக்கு? எத்தனை மணிக்குத் திறக்கும்? வாசல்ல என்ன வெச்சிருக்காங்க? போய்ப் பார்த்துட்டு எழுதுங்க மக்களே. அடுத்த வாரம், சொன்ன மாதிரியே, காலேஜ் பஸ். கடைசி சீட்ல இடம் போட்டு வைங்க!